எழுந்தவர்கள் விழுந்த வீடு

ஹேமாவதி நாற்காலியில் உட்கார மறுத்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்றாள்.

அது ரத்த அழுத்தத்துக்கான ஒரு புதிய மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வின் அலுவலகம். திருத்தணியில், மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் விற்கும் கடைகளுக்கு மேல்மாடியில் இருந்தது. ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குப் புதிய மருந்து, பாதிப் பேருக்குப் பழைய மருந்து. யாருக்கு எது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

புஷ்பலதா சென்னையிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தார். ஆய்வின் சார்பில் ஒரு மரணத்தை விசாரிக்க வேண்டியிருந்தது. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருந்த பஞ்சாட்சரம், மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டுவந்தவர், போன மாதம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். மருந்து அவரைக் கொன்றதா, இல்லையா? அதைக் கண்டுபிடிப்பதுதான் புஷ்பலதாவின் வேலை. ஹேமாவதி அந்தப் பஞ்சாட்சரத்தின் மகள்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். காரியம் முடிந்த பிறகு உறவினர்கள் துக்கம் கேட்க வருகிறார்கள். நைனாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். புறப்படலாம் என்று எழுந்தால் கண் இருண்டு விழுகிறார்கள். சித்தி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். தறியில் வேலை செய்த இரண்டு பேர் விழுந்தார்கள். அதன் பிறகு தறிக்கு யாரும் வருவதில்லை. ஊரில் பாதிப் பேர், தனியாகப் போன நைனாதான் துணைக்குக் கூப்பிடுகிறார் என்கிறார்கள். சித்தப்பா தேசப்பன் அதை நம்பவில்லை. அவர் சொல்வது வேறு.

"எல்லாரும் விழறாங்க, எங்கம்மா மட்டும் விழலைங்க. காப்பியில அவங்க இன்னாவோ கலக்கறாங்களாம். நைனாவுக்கும் அப்படித்தான் குடுத்தாங்களாம். நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறாரு."

"நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்று கேட்டார் புஷ்பலதா.

அவள் கீழே பார்த்தாள். "தெரிலங்க. நானும் விழுந்தேன்."

அறையின் மூலையில் நின்ற நவீன்குமாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கும் களப்பணியாளன் அவன். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒன்றுக்காகவே காத்திருந்தவன்போல் இருந்தான். புஷ்பலதா பார்த்த பிறகுதான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான்.

அவர் அவனிடம் பஞ்சாட்சரத்தைப் பற்றிக் கேட்டார். ஆய்விலேயே நல்ல நோயாளி அவர்தான் என்றான் அவன். மாத்திரைப் புட்டி எப்போதும் காலியாகத்தான் திரும்பிவரும். சிறுநீரும் இங்கே வந்த ஒவ்வொரு தடவையும் ஒளிர்ந்தது. இரண்டு வகை மாத்திரைகளிலும் தீங்கில்லாத ஒரு மஞ்சள் பொருளைக் கலந்திருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவரின் சிறுநீரில் ஊதா விளக்கைக் காட்டினால் அது பச்சையாக ஒளிரும். யார் ஏமாற்றுகிறார்கள் என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

"பிரஷர்கூட இங்க வந்தா சூப்பரா இருக்கும் மேடம். தலை மட்டும் சுத்தும் அவருக்கு. ஆர்.கே.பேட்டை பஸ்ல நின்னுகினே வர்றேன் இல்ல, அதான்னு சொல்வாரு."

"ஒவ்வொரு வாட்டியுமா?"

"ஆங், ஒவ்வொரு வாட்டியும்."

"வீட்டுக்குப் போய்ப் பாத்தப்ப?"

நவீன்குமார் யோசித்தான். "வீட்ல ஒரு நாளும் சுத்துனதில்ல. பிரஷர்தான் கொஞ்சம் ஏறும், தறிச் சத்தம்னு விட்டுட்டேன்."

புஷ்பலதா எழுந்தார். ஊதா விளக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஹேமாவதியோடு கிளம்பினார்.

அம்மையார்குப்பத்தில் எல்லாத் தெருவிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. பேச வேண்டுமானால் கத்த வேண்டும். பஞ்சாட்சரத்தின் வாசலில் மட்டும் சத்தம் இல்லை. தறிக்கொட்டகையில் பாதி நெய்த லுங்கி அப்படியே நின்றிருந்தது. பக்கத்து வீட்டுத் தறி அடிக்கும்போதெல்லாம் இங்கே நின்றுபோன தறியின் நூல்களும் மெல்ல அதிர்ந்தன. யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல.

கூடத்தில் மாலை போட்ட படம். அதன் கீழே விளக்கு. இறந்தவரின் நெற்றியில், கண்ணாடியின் மேலேயே, விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று பட்டை இட்டிருந்தார்கள். அதே பட்டை அவர் மனைவி அம்சாவின் நெற்றியிலும் இருந்தது. தன்மேல் சந்தேகம் இருப்பது தெரிந்த பெண்ணின் முகமாக அது இல்லை. வந்தவர்களைப் பாயில் உட்காரச் சொன்னாள். காப்பி வைக்கட்டுமா என்றாள்.

முதலில் அவளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார் புஷ்பலதா. நவீன்குமார் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, ஊர் முகாமில் பார்த்தபோது கணவனைவிட இவளுக்குத்தான் மோசமாக இருந்தது, கெஞ்சியும் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள் என்றான்.

அம்சாவுக்கு அது கேட்டுவிட்டது. "எங்கக்கா ஆஸ்பத்திரி மாத்திரைய தின்னு தின்னுதான் போய்ச் சேந்தா. நான் தொடமாட்டேன்னேன். அவரு எத்தினி சண்டை. அப்புறம் மலைக்குப் போயி விபூதி கொண்டாந்தாரு. தெனம் அதைத்தான் வாயில போட்டுக்கறேன். தணிகை முருகன் பாத்துக்கினான்."

படத்துக்கு முன்னால் இருந்த சிறிய பித்தளைச் சம்படத்தை எடுத்து நீட்டினாள். "எடுத்துக்கோங்க. வாயிலயும் துளி போட்டுக்கோங்க. தறியாண்ட அவரு மாடத்துல வெச்சிருந்தது. அவரு கையால கொண்டாந்தது."

நவீன்குமார் நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தை வாய்க்குக் கொண்டுபோனான். புஷ்பலதா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் கையைத் துணியால் துடைத்துவிட்டார். விபூதி லேசான மஞ்சளாக இருந்தது. சந்தன வாசனை எதுவும் இல்லை.

அப்போது தேசப்பன் வந்தார். மனைவியையும் கட்டுப்போட்ட கையோடு கூட்டிவந்திருந்தார். வாய் நிறைய வெற்றிலை. யார் யார் விழுந்தார்கள், யார் விழவில்லை என்று புஷ்பலதா அவரிடம் விசாரித்தார். விழாதவர்கள் அண்ணியும் தானும் ஆற்காட்டு நூல்கார பாயும்தான் என்றார் தேசப்பன். பாய் நெடுநேரம் இருந்துவிட்டுத்தான் போனாராம்.

"பாய் காப்பி குடிச்சாரா?"

"ரெண்டு தம்ளர் குடிச்சாரு."

"நீங்க?"

"நான் இந்த வீட்ல பச்சத் தண்ணி தொடமாட்டேன். விபூதி மட்டும் இட்டுக்கினேன்."

"வாயில போட்டுக்கலையா?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "வாய்ல இது கீதே."

புஷ்பலதா நவீன்குமாரைத் தறிக்கொட்டகைக்கு அனுப்பினார். தறியோடு சம்பந்தமில்லாத பொருள் எது இருந்தாலும் கொண்டுவா என்றார். அவன் நூல் கண்டுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன இரும்பு உரலும் உலக்கையும் இருந்தன. மாடத்துக்குள், பழைய துணிக்குப் பின்னால் கிடைத்ததாம்.

"அட, இஞ்சி தட்டற உரலு," என்றாள் அம்சா. "காணோம்னு வீடெல்லாம் தேடிக்கினு இருந்தேன். அவரைக்கூடக் கேட்டேன். தெரியாதுன்னாரு."

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கதவுகளைச் சாத்தச் சொன்னார் புஷ்பலதா. அம்சாவைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, எண்ணெய் விளக்கைக் கையால் மறைத்தார். நவீன்குமார் ஊதா விளக்கைப் போட்டான்.

முதலில் படம்தான் தெரிந்தது. முகம் இருட்டில் மறைந்துபோய், நெற்றியின் மூன்று பட்டைகள் மட்டும் பச்சையாக எழுந்து நின்றன. தேசப்பனின் மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். விளக்கு திரும்பியது. அதே உயரத்தில், எதிரில், இன்னும் மூன்று பச்சைப் பட்டைகள். அம்சாவின் நெற்றி. புருஷனும் பெண்டாட்டியும் இருட்டில் நெற்றிகளாக மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா," என்றார் தேசப்பன்.

புஷ்பலதா உரலில் சிறிது தண்ணீர் விட்டுக் காட்டினார். அதன் அடியிலும் அந்தப் பச்சை மெல்லக் கரைந்து பரவியது.

கதவைத் திறக்கச் சொன்ன பிறகுதான் அவர் பேசத் தொடங்கினார்.

"காப்பியில ஒண்ணும் இல்ல. இருந்திருந்தா பாய் விழுந்திருக்கணும். விழுந்தவங்க எல்லாரும் இந்த விபூதிய வாயில போட்டுக்கிட்டவங்க. இதுல எங்க ஆய்வு மாத்திரை பொடியாக் கலந்திருக்கு. கடுகளவு மருந்தே போதும். பழக்கமில்லாதவங்க உடம்பு முதல் தடவை அதைத் தாங்காது. உக்காந்திருந்தா தெரியாது. எழுந்தா ரத்தம் சட்டுனு கீழ இறங்கிடும்."

"அப்ப அண்ணி ஏன் விழலை?" என்றார் தேசப்பன்.

"அவங்களுக்குப் பழகிப்போச்சு. மாசக்கணக்கா தினமும் சாப்பிடறாங்க. அவங்களுக்கே தெரியாம." புஷ்பலதா உரலைக் கீழே வைத்தார். "பழகாதவர் உங்க அண்ணன்தான். மருந்தை தினமும் சாப்பிடறவருக்கு மாசாமாசம் தலை சுத்தாது. வீட்ல சுத்தாம எங்ககிட்ட வர்ற அன்னிக்கு மட்டும் சுத்துச்சுன்னா, அன்னிக்கு மட்டும்தான் அவர் மாத்திரை போட்டுக்கிட்டார்னு அர்த்தம். அன்னிக்குப் பிரஷர் சரியா இருக்கும். சிறுநீரும் ஒளிரும். நாங்க சந்தோஷமா எழுதிக்கிட்டோம். மத்த நாள் மாத்திரையெல்லாம் இந்த உரலுக்குப் போச்சு."

பக்கத்து வீட்டுத் தறி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

நவீன்குமாருக்கு முகம் வாடிவிட்டது. அவன் இத்தனை நாள் எதிர்பார்த்த கொலைகாரன் இந்த வீட்டில் இல்லை. முகாமில் பஞ்சாட்சரம் தன்னைத் தனியாக அழைத்து, இந்த மாத்திரையை வீட்டில் இன்னொருவரும் சாப்பிடலாமா என்று கேட்டதை அவன் இப்போதுதான் சொன்னான். கூடவே கூடாது, ஆளுக்கு ஒன்றுதான், பாதியாக்கவும் கூடாது என்று அவன்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

தேசப்பன் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு நான் எங்கயும் போகலை," என்றார்.

ஹேமாவதி புஷ்பலதாவை வாசல் பக்கம் இழுத்தாள். அம்மாவுக்கு எதிரில் இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாள். கோபம் இல்லை. அழுதுகொண்டுதான் சொன்னாள். முருகன்தான் காப்பாற்றினான் என்றே அம்மா நம்பியிருக்கலாமே.

"நானும் கதவைச் சாத்தச் சொல்றதுக்கு முன்னாடி அதைத்தான் யோசிச்சேன்," என்றார் புஷ்பலதா. "சம்படம் காலியாகப் போகுதும்மா. திடீர்னு நின்னா பிரஷர் முன்னைவிட மேல ஏறிடும். உங்க அப்பாவுக்கு ஆனது இவங்களுக்கும் ஆகலாம். தெரிஞ்சாத்தான் மாத்திரை சாப்பிடுவாங்க."

உள்ளே அம்சா சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புஷ்பலதா போய் எதிரில் உட்கார்ந்தார்.

"நான் மாத்திரை தின்னாம இருந்ததாலதான் அவரு போனாரா?" என்று கேட்டாள் அம்சா.

"அப்படி என்னால சொல்ல முடியாதும்மா. மருந்து சாப்பிட்டும் சில பேர் போறாங்க. சாப்பிட்டிருந்தா இருந்திருப்பாரான்னு ஒருத்தர் விஷயத்துல யாராலயும் சொல்ல முடியாது. அவர் சாப்பிடலைங்கறது மட்டும் எனக்குத் தெரியும்."

அம்சா சம்படத்தின் மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள்.

"தெனம் அவரேதான் என் வாயில போட்டுவுடுவாரு. கண்ண மூடிக்கடி, சாமிய நெனச்சுக்கன்னுவாரு. அவரு நெத்திக்கு மட்டும் இட்டுக்குவாரு. ஹேமா கேட்டாகூடத் தரமாட்டாரு. இது உங்கம்மாளுதுன்னுவாரு. ஏன்னு ஒரு நாளு நான் கேக்கல."

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று புஷ்பலதா ஹேமாவதியிடம் சொன்னார். அரசு மருத்துவமனை டாக்டரிடம் போனில் பேசி, அவர் சொன்ன மாத்திரையை மருந்துக்கடையிலிருந்து நவீன்குமாரைக் கொண்டுவரச் செய்தார். சம்படத்தைத் தான் எடுத்துப்போக வேண்டும் என்றபோது அம்சா மறுக்கவில்லை. கொடுப்பதற்கு முன் அதை ஒருமுறை படத்தின் காலடியில் வைத்து எடுத்தாள்.

வாசலில் நவீன்குமார், ஆய்வில் இந்த மரணத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கேட்டான். மருந்து சாப்பிட்டு இறந்தவராகவா, சாப்பிடாமல் இறந்தவராகவா?

"நடந்ததை அப்படியே எழுது," என்றார் புஷ்பலதா. "எந்தப் பக்கம்னு அப்புறம் பாக்கலாம்."

அவர் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் ஹேமாவதி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர்த் தம்ளரோடு நின்றாள். எப்படிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்சா மாத்திரையைப் பார்க்கவில்லை. படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கண்ணை மூடி, சற்றே அண்ணாந்து, பழக்கப்பட்டவள்போல வாயைத் திறந்தாள்.