கூவலுக்குப் பதில்

மகள் பிரியோனியைப் பார்க்க நான் கடலோர நகரமான வுல்லங்காங்குக்குப் போனது ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊர் கடலிலிருந்து வெகு தொலைவில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அவள் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம். ஸ்டேஷனிலிருந்து நேராகக் கடற்கரைக்கே இழுத்துக்கொண்டு போனாள். வினிகர் மணக்கும் சிப்ஸ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓயாமல் பேசினாள்.

"மம், வந்து இறங்கினதும் இறங்காததுமா என் ஷூவைக் குறை சொல்லிட்டே."

"இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தா சொல்லாம?"

"அது காத்தோட்டத்துக்கு!"

மதியத்துக்கு மேல் மழைக்காட்டில் நடக்கலாம் என்றாள். ஊருக்குப் பின்னால் மலை சுவர் மாதிரி நிற்கும். காட்டுக்குள் நுழைந்ததும் கடலின் இரைச்சல் அறுந்துபோனது. மட்கிய இலைகளின் வாசனை. ஆளுயரப் பெரணிச் செடிகள். உச்சியிலிருந்து பனிமூட்டம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு அவையும் நின்றுவிட்டன.

அப்போதுதான் அது கேட்டது.

"கூ... ஈ...!"

பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் கரகரத்த குரல். ஆஸ்திரேலியக் காடுகளில் வழி தவறியவர்கள் அப்படித்தான் கூவுவார்கள். காதில் விழுந்தவர் பதிலுக்குக் கூவ வேண்டும்.

அந்தக் குரலில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

"வேணாம் பிரை," என்று கிசுகிசுத்தேன்.

"பாவம் மம், யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க." கைகளை வாயருகே குவித்து, மூச்சையெல்லாம் கூட்டிக் கூவினாள்.

"கூ... ஈ...!"

எதிரொலி வரவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். உதடுகள் அசைந்தன.

சத்தம் இல்லை.

தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். வெறும் காற்றுதான் வந்தது.

பனிக்கு அடியிலிருந்து, பள்ளத்துக்குள்ளிருந்து, என் மகளின் குரல் கேட்டது.

"மம்? எங்க இருக்க? எனக்கு ஒண்ணுமே தெரியல மம்..."

பிரியோனி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. அவளுக்கும் அது கேட்டது என்பதை அவள் கண்களில் பார்த்தேன்.

மருத்துவமனையில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குறை ஒன்றுமில்லை, பயத்தில் அடைத்திருக்கும் என்றார் டாக்டர். மீட்புக் குழுவினர் பள்ளத்தைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"லயர் பறவையா இருக்கும்," என்றார் குழுத் தலைவர். "மரம் அறுக்கிற ரம்பச் சத்தத்தையே அப்படியே கத்திக் காட்டும்ங்க."

"பறவை என்னைக் கூப்பிட்டு அழுமா?"



நான் ஊருக்குத் திரும்பாமல் பிரியோனியோடே தங்கிவிட்டேன். அவள் தன் அறையில் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். தினமும் பகலில் அவளைத் தூங்க வைத்துவிட்டுத் தனியாக மலையேறுவேன். பனிக்குள்ளிருந்து குரல் வரும்.

"மம், காலடிச் சத்தம் கேக்குது. நீதானே? ஏன் பேச மாட்டேங்கற? என் மேல கோவமா?"

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன். நானும் பதில் சொல்லி மாட்டிக்கொண்டால், கீழே படுத்துக் கிடப்பவளுக்கு யார் இருக்கிறார்கள்? குரல் அழுது ஓயும்வரை நின்றுவிட்டு, சத்தமில்லாமல் இறங்கி வருவேன். ஒரு தாய் செய்யக்கூடியதா அது? வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு காலை. சன்னலில் நல்ல வெயில். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். பிரியோனி தானாக எழுந்து வந்து மேசை முன் உட்கார்ந்தாள். ரொட்டியைக் கையில் எடுத்து முகர்ந்தாள். ஒரு கடி கடித்தாள். கண்கள் நிறைந்தன.

"இன்னும் கொஞ்சம் வெண்ணெய் கிடைக்குங்களா?"

குரல் வந்துவிட்டது.

பள்ளத்திலிருந்து கூவிய அதே கரகரத்த குரல். வயதான ஒருத்தியின் குரல்.

என் கையிலிருந்த கத்தி தரையில் விழுந்தது. "நீ யாரு?" என்றேன். "என் பொண்ணு எங்க?"

என் மகளின் விரல்கள் நீண்டு என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன.

"நீங்க நல்லவங்களாத் தெரியுது," என்றது அந்தக் குரல். "என்னை மட்டும் திரும்ப அங்க கூட்டிட்டுப் போயிடாதீங்கம்மா."