அளவு கொடுக்காத டெய்லர்

அந்த மழையில் கடைக்குள் முதலில் நுழைந்தது ஒரு நீளமான அட்டைப்பெட்டி. அதற்குப் பின்னால்தான் ஆள் வந்தான். பெட்டிக்குப் பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் அவனுடைய மழைக்கோட்டு. அவன் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தான்.

"அங்கேயே நில்லுங்க. தரையை இப்பதான் துடைச்சேன்" என்றாள் அவள். கையில் ஸ்பேனர், மூக்கு நுனியில் கிரீஸ். அண்ணனின் சைக்கிள் கடையில் ஆறு வருஷமாக அவள்தான் மெக்கானிக். அண்ணன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவான், அவள் வேலை பார்ப்பாள். அந்தக் கடை அப்படித்தான் ஓடியது.

"இங்க நின்னா சாரல் அடிக்குது. பெட்டி நனையும்."

"நீங்க நனைஞ்சது பரவாயில்லையா?"

"நான் காய்ஞ்சிருவேன். இது கார்பன்."

"கார்பன் மழையில கரையாது சார். சர்க்கரைதான் கரையும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துளி விழுகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்... சே, வேலை நேரத்தில் இதென்ன என்று பார்வையைப் பெட்டிக்குத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே ஒரு கிராவல் சைக்கிளின் ஃப்ரேம். மண் பாதையிலும் சரளைக் கல்லிலும் ஓடுவதற்கென்று செய்யும் சைக்கிள் அது, டயர் அகலம், எடை குறைவு. கூடவே ஒரு பை நிறைய பாகங்கள். சக்கரம் ஒரு கம்பெனி, கியர் இன்னொன்று, லீவர் வேறொன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தையும் நீட்டினான். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே அதன் எடை, கிராம் கணக்கில்.

"எல்லாத்துலயும் இருக்கிறதுலயே லேசானதாப் பார்த்து வாங்கினேன். மாட்டிக் குடுத்தா போதும்."

அவள் லீவரையும் கியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "லேசாத்தான் இருக்கு. ஆனா இதுங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது. இந்த லீவர் ஒரு தட்டுக்கு இழுக்கிற கேபிள் நீளம் வேற, இந்த கியர் நகர்றதுக்கு வேண்டிய நீளம் வேற. மூணாவது கியர் கேட்டா அஞ்சாவதுக்குப் போகும்."

"அப்ப மாத்தணுமா?"

"மாத்திக்கலாம். முதல்ல செருப்பைக் கழட்டிட்டு அந்தச் சுவர் ஓரமா நில்லுங்க. அளவு எடுக்கணும்."

அது அந்தக் கடையின் சட்டம். சுவரை ஒட்டி நின்று கால் அளவு கொடுக்காதவருக்கு சைக்கிள் பாகங்களைப் பூட்டித் தருவதில்லை. அந்தச் சுவர் முழுக்கப் பென்சில் கோடுகள்.

அவன் அசையவில்லை. சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியைத் தடவிக்கொண்டு, "நான் டெய்லர்ங்க. அடுத்த தெரு முனையில என் கடை. நான் அளவு எடுக்கிறவன், கொடுக்கிறவன் இல்ல" என்றான். "என் கால் உள்ளளவு முப்பத்தொண்ணு இஞ்ச். பார்த்துதான் ஃப்ரேம் வாங்கினேன்."

அவள் கண்ணால் ஒருமுறை அளந்தாள். முப்பத்தொன்றா? அந்தக் காலுக்கு இந்த ஃப்ரேம் ஒரு சைஸ் சின்னது. சத்தியமாகச் சின்னது.

"சார், எதுக்கும் ஒரு தடவை..."

"அளவு விஷயத்துல எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் மேடம்."

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியா சேதி? பட்டால்தான் தெரியும் சிலருக்கு. "சரி, உங்க இஷ்டம்" என்று பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டாள். முன்கோபத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

*

மாற்று லீவர் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவனும் வந்தான். அடுத்து, பின்சக்கரத்துக்கும் பல்சக்கரத்துக்கும் ஒத்துவரவில்லை. அதற்கு ஒரு நாள் வந்தான். டயர் அகலம் அதிகமாகி ஃப்ரேமில் உரசியது. அதற்கும் வந்தான். "உன் கிராம் கணக்கு வர்றாரு" என்று அண்ணன் வாசலைப் பார்த்தே சொல்லிவிடுவான். 'உன்' என்பதை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்வான்.

"டெய்லர் சார், இந்தத் தடவை என்ன தப்பா வாங்கிட்டு வந்தீங்க?"

"தப்பா வாங்கினாத்தானே உங்களுக்குச் சிரிப்பு வருது... அதான்."

"அடேங்கப்பா. பேச்சுல எடை குறைவே இல்லையே."

ஒரு நாள் அவளே கேட்டாள், எதற்கு இந்த சைக்கிள் என்று. அவன் தன் கடையைப் பற்றிச் சொன்னான். தையல் மெஷினுக்கு எதிரே ஜன்னல், ஜன்னலில் தெரு, தெருவின் கோடியில் ஏரிக்கரை. அதுவரைதான் தார் ரோடு. "காலையில சைக்கிள்காரங்க கூட்டமா அந்தப் பக்கம் போவாங்க. மதியம் உடம்பெல்லாம் சேறா, சிரிச்சுக்கிட்டே திரும்பி வருவாங்க. பன்னெண்டு வருஷமா பார்க்கிறேன். தார் ரோடு முடியற இடத்துக்கு அப்புறம் என்ன இருக்குன்னு நானும் ஒரு நாள் போய்ப் பார்க்கணும்."

அதைச் சொல்லும்போது அவன் கண்களில் ஒரு வெளிச்சம்... அவள் செயினுக்கு எண்ணெய் விடுகிறேன் பேர்வழி என்று தரையெல்லாம் விட்டாள்.

இன்னொரு நாள் அவளுடைய ஏப்ரனின் பை கிழிந்து தொங்கியதை அவன் பார்த்துவிட்டான். அவள் இரு கையிலும் கிரீஸ். "அசையாதீங்க" என்றான். காலரிலிருந்து ஊசி வந்தது, சட்டைப்பையிலிருந்து நூல் வந்தது. அவள் கைகளைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றாள். ஒன்பது தையல். அவள் எண்ணினாள். வெளியே தூறல், உள்ளே அவள் நெஞ்சு அடிக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. குனிந்து பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தவன், "எல்லாம் சரியா வருதில்ல? சைக்கிள்?" என்று கேட்டான்.

"ம்... வருது."

பொய். முழுப் பொய். அன்றைக்கு ராட்சசி மாதிரி கோபத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது எந்த வாயால் சொல்வது? சொன்னால் ஃப்ரேமைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். சரியான அளவை வாங்குகிற இடத்திலேயே பூட்டியும் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்த வாசலில் யார் வந்து நிற்பார்கள்?

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ஃப்ரேமோடு சேர்ந்த, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல் குழாய் நீளமாக வரும், ஆளுக்குத் தகுந்த உயரத்தில் அதை வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால் கம்பெனி ஃப்ரேமைத் திருப்பி எடுக்காது. வெட்டாமல் இருந்தால் முப்பது நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம். ரம்பம் மழுங்கிவிட்டது, குழாயில் போடும் வளையம் வரவில்லை, இன்றைக்குக் கை வலிக்கிறது என்று அவள் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"நாளைக்கு முப்பதாவது நாள்" என்றான் அண்ணன், காலண்டரைப் பார்த்தபடி. "ரம்பம் நல்லாத்தானே அறுக்குது. ஏன் வெட்டலை?"

அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அண்ணன் வழக்கம்போல் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"முதல்ல திமிருக்கு வாயை மூடினே. இப்ப ஆசைக்கு மூடியிருக்கே. முட்டி வலிச்சா அந்த மனுஷன் சைக்கிளையே வெறுத்துருவான். பன்னெண்டு வருஷம் ஜன்னல் வழியா பார்த்தவன்... போய்ச் சொல்லிட்டு வா, போ."

*

அவள் நனைந்துகொண்டே அவன் கடைக்குப் போனாள். சின்னக் கடை. சுவரில் வரிசையாகக் கத்தரிக்கோல்கள், மேஜையில் சாக்பீஸ் கோடு போட்ட பச்சைத் துணி. அவளைக் கண்டதும் அவசரமாக அதன்மேல் வேறு துணியை இழுத்துப் போட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, நீங்க இங்க..."

"ஃப்ரேம் சின்னது." மூச்சு விட்டால் தைரியம் போய்விடும் என்று ஒரே வீச்சில் சொன்னாள். "உங்க காலுக்கு ஒரு சைஸ் சின்னது. நாளைக்குள்ள திருப்பி அனுப்பினா மாத்திக் குடுப்பாங்க."

"இப்பதான் தெரிஞ்சுதா?"

"முதல் நாளே தெரியும்."

அவன் சிரிப்பு நின்றது.

"எல்லாம் சரியா வருதான்னு எத்தனை தடவை கேட்டேன்?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டீங்க. முதல்ல திமிர்ல சொல்லலை. அப்புறம்..." பார்வையைச் சுவரிலிருந்த கத்தரிக்கோல்களுக்குத் திருப்பினாள். "சொன்னா நீங்க கடைக்கு வரமாட்டீங்கன்னு சொல்லலை."

அவன் கத்தரிக்கோலை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தான். "ஒருத்தர் கொண்டு வர்ற துணி பத்தாதுன்னு தெரிஞ்சா, வெட்டறதுக்கு முன்னாடி சொல்லிருவேன். அவங்க திட்டினாலும் சொல்லிருவேன்."

"அதான்... நான் வெட்டலை."

"சரி. நீங்க போங்க."

வந்த வழியே திரும்பினாள். மழை நின்றிருந்தது. முகம் மட்டும் ஏன் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

*

மறுநாள் காலையிலிருந்தே அவளுக்குக் கண் வாசலில். ஒரு சக்கரத்தை மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டினாள். மதியம் போனது. கூரியர்காரன் வருகிற நேரமும் நெருங்கிவிட்டது. ஃப்ரேமைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, ஒட்டுவதற்கு டேப்பைக் கிழித்தபோது வெளியே சடசடவென்று மழை பிடித்தது. வாசலில் நிழல்.

அவன்தான். கையிலிருந்த காகிதப் பொட்டலத்தை மேஜையில் வைத்தான். செருப்பைக் கழற்றினான். நேராகப் போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றான்.

"அளவு எடுங்க."

அண்ணன் ஒரு தடித்த அகராதியைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தான். "இதைக் காலுக்கு நடுவுல வச்சு நல்லா மேல தூக்கிப் பிடிங்க, சீட்டுல உக்கார்ற மாதிரி" என்று சொல்லிவிட்டு, இல்லாத வேலை ஒன்றைத் தேடிக் கொல்லைப் பக்கம் போய்விட்டான். அவள் மண்டியிட்டு, அகராதியின் மேல் விளிம்பில் கோடு போட்டாள். தரையிலிருந்து கோடு வரைக்கும் அளவு நாடாவைப் பிடித்தாள்.

"முப்பத்துமூணரை."

"இரண்டரை இஞ்ச் தப்பா?"

"எப்படி எடுத்தீங்க?"

"பேண்ட்டுக்கு எடுக்கிற மாதிரி... கவட்டுத் தையல்ல ஆரம்பிச்சு கணுக்கால் வரைக்கும். நானே குனிஞ்சு, நானே பார்த்து." அவன் காதோரம் சிவந்தது. "குனிஞ்சா அளவு மாறும்னு பன்னெண்டு வருஷமா எல்லாருக்கும் நான்தான் சொல்றேன். எனக்கு எடுக்கத்தான் ஆள் கிடையாது. ராத்திரியெல்லாம் உங்க மேல கோபமா இருந்துச்சு. காலையில பார்த்தா, முதல் நாள் நீங்க சொல்ல வாயைத் திறந்தீங்க... நான்தான் மூட வச்சேன்."

"அதுக்காக நான் நாலு வாரம் மூடியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்" என்றான், விட்டுக்கொடுக்காமல். அப்புறம் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினான். "பிரிங்க."

அந்தப் பச்சைத் துணி. இப்போது அது ஒரு ஜாக்கெட். காகிதம் போல லேசாக இருந்தது. அவள் போட்டுப் பார்த்தாள். கை, விரல் நுனியை மூடியது. பின்பக்கம் தொங்கியது, முன்பக்கம் குட்டை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"டெய்லர் சார்... இதுக்கும் நீங்களே குனிஞ்சு அளவெடுத்தீங்களா?"

"அந்த சைக்கிள்ல ஏறி உக்காருங்க."

பழுதுக்கு வந்து ஸ்டாண்டில் நின்ற வேறொரு சைக்கிளில் ஏறினாள். குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. முதுகு மூடியது. எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. இடது தோளில் மட்டும் கொஞ்சம் பிடித்தது.

"இது நிக்கிறதுக்குத் தச்சதில்ல" என்றான் அவன். "நீங்க குனிஞ்சு வேலை செய்றதைத்தானே நான் பார்த்திருக்கேன். முதல் வாரமே துணி எடுத்துட்டேன். தார் ரோடு முடியற இடத்துக்கு அப்புறம் என்ன இருக்குன்னு... தனியா போய்ப் பார்க்க இப்ப எனக்கு இஷ்டமில்ல."

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

"இடது தோள் இறுக்குது."

"அது நேத்து தச்சது. கோபத்துல."

"பிரிச்சுத் தைப்பீங்களா?"

"தைக்கிறேன். ஆனா ஒண்ணு. இனிமே என் அளவை நீங்கதான் எடுக்கணும். வருஷா வருஷம்."

"வருஷா வருஷம் கால் வளராது சார்."

"இடுப்பு வளருமில்ல?"

அவள் நிமிர்ந்து சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் சேர்ந்து வந்தது. நனைந்த தலைமுடியிலிருந்து வழிந்த துளி ஒன்று அன்றைக்குப் போலவே அவன் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை அது விழும்வரை காத்திருக்காமல், கிரீஸ் படாத சுண்டுவிரலால் அவளே துடைத்துவிட்டாள்.

"எடுக்கிறேன்" என்றாள். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இதையும் முப்பதாவது நாள் வரைக்கும் சொல்லாம வச்சிருந்தது தப்புதான்."

கொல்லைப் பக்கமிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "கூரியர் வண்டி சத்தம் கேட்குது. பெட்டியை யாராச்சும் ஒட்டினீங்களா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டேப்பைத் தேடினார்கள்.