வழிமாறிய நரம்பு

தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த தினேஸின் மோவாய் சுருங்கி, தோடம்பழத் தோல்போலக் குழிகுழியாகி, பிறகு தானாகவே விரிந்து வழவழப்பானது. அழப்போகிறான் என்று நினைத்து அகஸ்டினா கயிற்றைப் பிடித்து ஆட்டினாள். அவன் அழவில்லை. உதடு பிதுங்கவில்லை, புருவம் நெளியவில்லை, மூச்சுகூட மாறவில்லை. முகம் முழுவதும் தூங்க, மோவாய் மட்டும் விழித்துக்கொண்டது போல இருந்தது.

அந்தச் சுருக்கம் அவளுக்குப் புதிதல்ல. போன மாதம்வரை அது அவள் முகத்தில்தான் இருந்தது.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே, தேயிலை மலையின் மடிப்பில் ஒடுங்கிக் கிடக்கிறது அந்தப் பிள்ளை மடுவம். விடிந்ததும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டு, ஆளெண்ணும் பெரட்டில் பெயர் கொடுத்துக் கொழுந்தெடுக்க மலையேறிவிடுவார்கள். பொழுதெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அகஸ்டினாவும், அடுப்படிக்குப் பொறுப்பான ராசம்மாவும். தகரக் கூரையில் மழை ஓய்ந்த பிறகும் சொட்டுச் சத்தம் ஓயாது. உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களின் கயிறுகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல முனகும். புளித்த பாலும் ஈர விறகின் புகையும் மூத்திரத் துணியும் கலந்த வாடை சுவரிலேயே ஊறிப்போயிருக்கும். அந்த வாடைதான் அகஸ்டினாவுக்குத் தைரியம். அவளுடைய ஒரே மகள் ஜெசீகாவும் அங்கேதான் வளர்கிறாள், பாயில் உட்கார்ந்து பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு.

ஜெசீகா வயிற்றில் நிறைமாதமாக இருந்தபோதுதான் அது வந்தது. ஒரு காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் வலப்பக்கமாக வழிந்தோடியது. முகத்தின் வலப்பாதி செத்துத் தொங்கியது. காத்து அடித்துவிட்டது என்றது லயத்து வீட்டுச் சனம். கண் மூடாததால் ராத்திரியில் இமையை இழுத்துப் பிளாஸ்டர் ஒட்டித்தான் தூங்கினாள். பிள்ளை பிறந்து தவழத் தொடங்கியபோது முகம் மெல்ல உயிர்த்தது. ஆனால் ஒழுங்காக உயிர்க்கவில்லை. வலது கண்ணை மூடினால் மோவாய் சுருங்கியது. ஒவ்வோர் இமைப்புக்கும் சுருங்கியது. பொழுது சாயும்போது அது கல்லாக இறுகி வலித்தது.

“என்னக்கா, என்னையப் பாத்துக் கண்ணடிக்கிறியா, அழுவுறியா? ரெண்டுல ஒண்ணு பண்ணு” என்று தினேஸின் அம்மா ரெங்கம்மா கேலி செய்வாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் முகத்துக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த மிஸ், கண்ணாடியைப் பார்த்து மெதுவாக, மிக மெதுவாகச் செய்யச் சொல்லியிருந்தாள். வீட்டில் இருந்ததோ புருஷன் மாணிக்கராஜ் சவரம் செய்யும் உள்ளங்கை அகலக் கண்ணாடித் துண்டு. அதன் முன்னால் நிற்க அவளுக்கு நேரம் ஏது? அதனால் மடுவத்திலேயே செய்தாள், பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து. கண்ணை மூடுவாள், கன்னத்தை உப்பவைப்பாள், மோவாய் சுருங்கும். பிள்ளைகள் கெக்கலித்துச் சிரித்து, அதேபோலச் செய்யப் பார்க்கும். இன்னும் சிரிக்கட்டும் என்று அவள் இன்னும் வேகமாக, இன்னும் இறுக்கிச் செய்வாள். இதில் அவளைக் குறை சொல்லாதீர்கள். பிள்ளை சிரிக்கும்போது நிறுத்துகிற தாய் எங்கே இருக்கிறாள்?

அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். தன் முகத்துக்கு வந்தது ஜெசீகாவுக்கு வந்துவிடக் கூடாது. டொக்டர் நௌபரிடம் அதைத்தான் முதலில் கேட்டாள். இது தொற்றுகிற வருத்தம் இல்லை என்று அவர் சிரித்தார். செத்த நரம்பு திரும்ப வளரும்போது வழிமாறி, கண்ணுக்குப் போக வேண்டியது மோவாய்க்கும் போய்ச் சேர்ந்துவிட்டதாம். பிள்ளைக்குப் பால் மறக்கடித்துவிட்டு வந்தால், ஊசி போட்டு அந்தத் தசையைத் தூங்கவைக்கலாம் என்றார்.

“அப்ப அந்த நரம்பு என்னாகும், சார்?”

“அது அங்கயேதான் இருக்கும். வந்து வந்து தட்டும். கதவு திறக்காது, அவ்வளவுதான்.”

ஊசி எறும்புக்கடிபோலத்தான் இருந்தது. சில நாளில் மோவாய் அடங்கியது. அடுப்பு வெளிச்சத்தில் மாணிக்கராஜ் அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, பழைய அகஸ்டினா வந்துவிட்டாள் என்றான். சந்தோஷத்தில் அவள் அழுதாள். அழும்போதும் மோவாய் அசையவில்லை.

இப்போது தினேஸைப் பார்த்தபடி அவள் இமைத்தாள். இமை திறந்தபோது அவன் மோவாய் விரிந்துகொண்டிருந்தது. சுருங்கி முடித்து விடுபடும் கடைசி நெளிவு மட்டும் கண்ணில் பட்டது. தற்செயல் என்று நினைத்தாள். கண்ணை மூடி, பரலோக மந்திரத்தைப் பாதிவரை மனசுக்குள் சொல்லிவிட்டுத் திறந்தாள். அவன் மோவாய் விரிந்தது. அடுத்த தொட்டில் குழந்தைக்கும் விரிந்தது. அதற்கடுத்த தொட்டிலிலும்.

ஜெசீகா பாயில் இருந்தாள். அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம் என்று அகஸ்டினா நினைத்தாள். பார்த்தாள். இடது கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, வலது கண்ணை மட்டும் மூடினாள்.

பிஸ்கட் தூள் ஒட்டிய அந்தச் சின்ன மோவாய் குழிகுழியாகச் சுருங்கியது. தாயின் கண் மூடியிருந்தவரை சுருங்கியே இருந்தது.

ராசம்மாவைக் கூப்பிட்டாள். குரல் அவளுடையதுபோல இல்லை. ராசம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து, குனிந்து வரிசையாகப் பார்த்தாள்.

“எல்லாத்துக்கும் பல்லு மொளைக்குதுடீ. அதோட, பொழுதன்னைக்கும் ஒம் மூஞ்சியையே பாத்து வளந்ததுங்க. வேற எப்படி இருக்கும்?”

சொல்லிவிட்டு, மலையிலிருந்து விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மூடுபனி அவளை வாசலிலேயே விழுங்கிவிட்டது.

அகஸ்டினா பைக்குள் துழாவினாள். பழைய பிளாஸ்டர் சுருள் அடியில் கிடந்தது. அன்று கண்ணை மூட ஒட்டினாள். இன்று மூடாமலிருக்க ஒட்டினாள். வலது இமையை மேலே இழுத்துப் புருவத்தோடு சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி ஒட்டினாள். ஜெசீகாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்தாள்.

கண் எரிந்தது. நீர் வழிந்து உதட்டில் உப்புக் கரித்தது. ஆனால் எந்த மோவாயும் அசையவில்லை. இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். சாயந்தரம் தாய்மார் வரும்வரை. நாளை பதுளைக்குப் போகும்வரை. வேண்டுமானால் சாகும்வரை. பிள்ளை பிழைத்தால் போதும்.

மதியம் கழிந்தும் கழியாத அந்த நேரத்தில் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. தொழிற்சாலை இரைச்சல் எங்கோ கீழே அறுந்து நின்றது. பல்ப் அணைந்தது. கூரையின் சொட்டுச் சத்தம் மட்டும். கயிறுகளின் முனகல் மட்டும்.

பிறகு கயிறுகளும் நின்றன.

தினேஸ் விழித்திருந்தான். தொட்டில் சேலையின் மடிப்பை விலக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த தொட்டிலிலும் ஒரு கை மடிப்பை விலக்கியது. அதற்கடுத்ததிலும். ஒன்றுகூட அழவில்லை. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

அவள் இமைக்கவில்லை. கர்த்தர்மேல் ஆணையாக இமைக்கவில்லை.

தினேஸின் மோவாய் சுருங்கியது.

அவளுடைய வலது இமை துடித்தது. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று நூலைப் பிடித்துச் சுண்டியது போல.

அடுத்த மோவாய். மறுபடி சுண்டியது. அதற்கடுத்தது. பிளாஸ்டரின் ஓரம் தோலைவிட்டுக் கிளம்பும் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது. விரலால் அழுத்தினாள். விரலுக்கு அடியிலேயே இமை இறங்கியது. பசை இழை இழையாக அறுந்தது. பிளாஸ்டர் கன்னத்தில் தொங்கியது.

ராசம்மாக்கா என்று கத்தப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

மடியில் ஜெசீகா அண்ணாந்தாள். தாயின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தனக்கு நேராகத் திருப்பிக்கொண்டாள். பிஸ்கட் ஒட்டிய விரல்கள் ஈரமாக இருந்தன.

பிள்ளையின் மோவாய் சுருங்கியது. தாயின் இமை மூடியது.

விரிந்தது. திறந்தது.

மெதுவாக. மிக மெதுவாக. கண்ணாடி பார்த்துச் செய்வதுபோல.

தொட்டில்களிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். ஜெசீகாவின் மோவாய் மறுபடி சுருங்கியது.