கொசுறு ஓட்டம்

பள்ளி விடுமுறை விட்ட மறுநாள் சாயங்காலம், பாத்திரக்கடைக்காரர் தன் மகளைப் பழைய மைதானத்துக்கு அழைத்துப் போனார். பத்து வயதுக்காரி. ஓர் இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். சிறுவர் தொடர் ஓட்ட அணியில் கடைசியாக ஓடுவதற்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

மைதானத்தின் வளைவில் மதில் இடிந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கைவிட்ட கல்குவாரி, அதில் பச்சைத் தண்ணீர். காற்று அடித்தால் பாசி வாடை வந்தது. அடிக்காவிட்டாலும் வந்தது.

பயிற்சியாளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில் மாஸ்டர். இந்த ஓட்டத்துக்குக் காலைவிடக் கைதான் முக்கியம் என்பார். "ஓடிக்கிட்டே கையைப் பின்னால நீட்டணும். பின்னாடி வர்றவ ரிலே கட்டையை உள்ளங்கையில வைப்பா. திரும்பிப் பார்த்தா தோத்த."

"இது எங்க கடை வித்தை, மாஸ்டர்!" என்று சிரித்தார் கடைக்காரர். கல்லாவில் உட்கார்ந்தபடி அவர் கையைப் பின்னால் நீட்டினால், கேட்ட பாத்திரத்தை அவர் தம்பி அந்தக் கையில் வைப்பான். "கிராக்கி முகத்துலேருந்து கண்ணை எடுத்தோம்னா, ஆள் அடுத்த கடையில நிப்பான்."

பயிற்சி முடிந்து விசில் ஊதியதும் மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, கைகளை மடியில் வைக்கச் சொன்னார். கட்டையை வாங்கிப் பையில் போட்டுப் பூட்டிய பிறகே எழுந்திருக்கவிட்டார்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கடைக்காரர் பல்லையும் பார்த்துவிட்டு, மூக்கணாங்கயிற்றைக் கொசுறாகக் கேட்கிற ஜாதி. "மாஸ்டர், பம்பரத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் கொசுறாச் சொல்லிக் குடுங்களேன்."

"வேண்டாம் சார். விசிலுக்கு அப்புறம் இங்க யாரும் ஓடக்கூடாது."

"என்ன இப்படிக் கறாரா பேசறீங்க?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "முன்ன ஒரு லீவுல, விசில் ஊதினது காதுல விழாம ஒரு புள்ள ஓடிக்கிட்டே இருந்தா. கட்டையை வாங்கவேண்டியவளை அவங்கப்பா வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாரு. நீட்டின கை இல்ல சார். நேரா வளைவுல போயி..." இடிந்த மதிலைப் பார்த்தார். "கட்டை கிடைக்கவே இல்ல."

சரக்கை இறுக்கிப் பிடிக்க ஆயிரம் கதை சொல்வார்கள். கடைக்காரர் கேட்காத கதையா? தலையை ஆட்டிவைத்தார்.

மறுநாள் மாஸ்டரின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும், கடைக்காரர் தன் பையிலிருந்து நீளக் காம்புக் கரண்டி ஒன்றை எடுத்தார். "ஓடு கண்ணு. நான் பின்னாடி வந்து தர்றேன்."

"தொந்தியைத் தூக்கிக்கிட்டா?"

அவள் சொன்னது சரிதான். பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கியது. கல்லில் உட்கார்ந்து கரண்டியை மடியில் வைத்தார். பம்பரம் வளைவருகே கையைப் பின்னால் நீட்டியபடி மெல்ல ஓடிக்கொண்டிருந்தாள். அவர் வெறும் மைதானத்தைப் பார்த்து விளையாட்டாகக் கத்தினார்: "யாராவது கொசுறா வந்து குடுங்கப்பா!"

பாசி வாடை ஏறியது.

ஈரப் பாதம் தரையில் அறையும் சத்தம். தப். தப். தப்.

ஓடியவள் ஒருத்தி. சத்தம் இரண்டு பேருடையது.

பம்பரத்தின் விரல்கள் எதன்மீதோ மூடின. வேகமெடுத்து ஓடிவந்து அவர்முன் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "சூப்பரா குடுத்தீங்கப்பா! உங்க கை ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு?"

அவள் கையில் பாசி படிந்த மரக்கட்டை.

கரண்டி அவர் மடியில்தான் இருந்தது.

கட்டையைப் பிடுங்கிக் குவாரித் தண்ணீரில் வீசிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"என்னங்க, இவ கையைப் பாருங்க," என்றாள் மனைவி, மறுநாள் காலையில். பம்பரத்தின் இடது கை பின்னால் நீண்டு, உள்ளங்கை விரிந்திருந்தது. மடக்கிவிட்டால் மறுபடி நீண்டது.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா. அவ இன்னும் வரல."

மருத்துவர் நரம்புக் கோளாறு என்றார். நடந்ததைக் கேட்ட விசில் மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "திருப்பி எறிஞ்சிட்டீங்களா சார்? அப்போ அவ மறுபடியும் எடுத்துக்கிட்டு வருவாளே."

அன்று சாயங்காலம் கடைக்காரர் தனியாக வளைவில் போய் நின்றார். தன் கையைப் பின்னால் நீட்டினார்.

"என்கிட்ட குடும்மா. புள்ளைய விட்டுடு. ஆளை மாத்திக்க."

நீட்டிய கையை இன்னும் விரித்தார்.

"என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்லேன்!"

பேரத்தில் வாய் திறக்காதவன்தான் ஜெயிப்பான். தம்பிக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி. "பம்பரத்தைக் காணோங்க!"

அப்போது அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஓடிப்போனார்கள்.

திரும்பினார். இரண்டு ஜோடி ஈரச் சுவடுகள் இடிந்த மதில்வரை போயிருந்தன. குவாரித் தண்ணீரில் வட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. செருப்போடு குதித்தார். கையில் பாசிதான் அகப்பட்டது.

காலையில் அவளை எடுத்தார்கள். இடது கை இறுக மூடியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். கடைக்காரர் மறுபடி கல்லாவில் உட்கார்ந்தார். கொசுறு கேட்பதில்லை. கொடுப்பதுமில்லை.

ஒருநாள் உச்சி வேளை. கடையில் கூட்டம். ஓர் அம்மாள் தூக்குப் பாத்திரம் கேட்டாள். பழக்கதோஷத்தில் அவர் கை பின்னால் நீண்டது.

அப்போதுதான் பார்த்தார். தம்பி அவருக்கு எதிரே, வாசலில் குடம் இறக்கிக்கொண்டிருந்தான்.

உள்ளங்கையில் ஈரமாக ஒரு மரக்கட்டை வந்து அமர்ந்தது. கூடவே சின்ன விரல்கள். நகம் கடித்த விரல்கள். கடிக்காதே கடிக்காதே என்று தினமும் அவர் தட்டிவிட்ட விரல்கள்.

அவர் திரும்பவில்லை. இறுகப் பற்றிக்கொண்டார்.

"பம்பரம்?"

அந்த விரல்களுக்கு மேல் இன்னொரு கை வந்து படிந்தது.

அதைவிடச் சில்லென்று. கொசுறாக.