நாற்காலியில் உட்கார்ந்த சின்னையன்

புவனேஸ்வரி கடை வாசலில் வந்து நின்றபோது அவளுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை ரத்தச் சிவப்பாக இருந்தன. மோனிஷா ஜெராக்ஸ் மெஷின் மூடியை விட்டுவிட்டு ஒரு அடி பின்னால் போனாள்.

“பயப்படாதீங்க, கேசரிப் பவுடர்,” என்றாள் புவனேஸ்வரி. “சனிக்கிழமை பட்டது. ரெண்டு நாளா சோப்புப் போட்டுத் தேய்க்கறேன், போக மாட்டேங்குது. ஊட்டுக்காரரோட ஆதார் ரெண்டு காப்பி வேணுமுங்க. வக்கீல் கேட்டாரு.”

அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்ததும் மோனிஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யுவராஜ் அண்ணனா? வக்கீல் எதுக்கு?”

“சின்னையன் மாமாவை மண்வெட்டியில அடிச்சுட்டாருன்னு ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க. மாமா சேலம் ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடக்கறாரு. அவரு போயிட்டா இது கொலைக் கேசாம். எம்பட ஊட்டுக்காரரு ஒரு கோழியைக்கூட அறுக்க மாட்டாருங்க.”

கடைக்கு உள்ளே பாஸ்போர்ட் போட்டோக்களை வெட்டிக்கொண்டிருந்த கோவிந்தராஜ் கத்தரியைக் கீழே வைத்தார். பதினெட்டு வருடம் அரசுத் தடய அறிவியல் கூடத்தில் ரத்தக் கறைகளைப் படமெடுத்தவர். இனி உயிரோடு இருப்பவர்களை மட்டும் எடுப்பது என்று ஒண்டிக்கடை என்ற இந்த மலையூரில் போட்டோக் கடை போட்டார். ஊர் விட்டால்தானே? வம்பு எதுவானாலும் முதலில் இங்கேதான் வரும்.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. முதல்ல இருந்து சொல்லுங்க.”

“இருக்கட்டுங்க.” அவள் வாசலை விட்டு நகரவில்லை. செருப்பு வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தது. மோனிஷாவுக்கு எரிச்சலாக வந்தது. ஜெராக்ஸ் கடைக்குக்கூடவா செருப்பைக் கழற்றுவார்கள்?

கதை இதுதான். செம்மநத்தம் போகிற வழியில் இருக்கும் மூங்கில்காட்டு எஸ்டேட் பங்களாவில் புவனேஸ்வரி சமையல், யுவராஜ் எடுபிடி, சின்னையன் வாட்ச்மேன். முதலாளி மகன் பிரவீன் பெங்களூரிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவந்து ஹாலோவீன் பார்ட்டி வைத்தான். ஆளாளுக்குப் பழைய சட்டையைக் கிழித்து, ரத்தம் பூசி, செத்தவர்கள் மாதிரி உடை தைத்துக்கொள்வது. அந்த ரத்தத்தைக் காய்ச்சியது புவனேஸ்வரி.

“சர்க்கரைப் பாகுல கேசரிப் பவுடரைக் கொட்டி, கொஞ்சம் டிகாஷன் விட்டேனுங்க. ஒரு அண்டா. ஆளுக்கொரு சட்டியில மொண்டுட்டுப் போனாங்க. சொவத்துல, ஜீப்புல எல்லாம் கையை முக்கி முக்கி அப்புனாங்க. பேய் பிடிச்ச கூட்டம்.”

“யுவராஜ்?”

“பேய் முகமூடி பிரிண்ட் எடுக்க ரெண்டரைக்கே இங்க வந்துட்டாரு. ஆறு மணிக்குத்தான் திரும்புனாரு. முன்பக்கம் சேர்ல மாமா சாஞ்சிருந்தாராம். எழுப்பப் போனா தலை துவண்டு விழுந்திருக்குது. தூக்கித் தோள்ல போட்டுட்டு ஓடி வந்தாரு. சட்டை பூரா ரத்தம். மேனேஜர் சதீஷு எழுதிக் குடுத்திருக்கறது வேற. மாமா மத்தியானமே மேக்கப் போட்டுட்டு ஜாலியா இருந்தாராம். ஆறு மணிக்கு இவருதான் சண்டை போட்டு அடிச்சாராம்.”

“நீங்க முன்பக்கம் போகலையா?”

“சமையல்கட்டு பின்னாடிங்க. கூப்பிட்டாத்தான் முன்னாடி போவோம். மூணு மணி வாக்குல மாமாவோட விசில் சத்தம் கேட்டுது. பனியில ஜீப்பைப் பின்னால எடுத்தா அவருதான் பின்னாடி நின்னு விசிலடிக்கணும். பாகு பொங்குச்சுன்னு அடுப்பைப் பார்த்தேன். அப்புறம் சத்தத்தைக் காணோம்.”

“ஜீப் எங்கே போச்சு?”

புவனேஸ்வரி யோசித்தாள். “போகலீங்களே. அங்கியேதான் நின்னுது.”

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கரண்ட் போனதும், ஐந்துவரை யுவராஜ் இதே ஸ்டூலில் காத்திருந்ததும், நடுவில் பங்களாவிலிருந்து ஒரு பெண் ‘இதையும் பிரிண்ட் போடுங்க’ என்று வாட்ஸப்பில் படம் அனுப்பியதும் நினைவுக்கு வந்தன. கடை போனைத் தேடி எடுத்தாள். படம் இருந்தது. வந்த நேரம் மூன்று ஐம்பத்திரண்டு.

பிரம்பு நாற்காலியில் சின்னையன் சாய்ந்திருந்தார். நெற்றியிலிருந்து வழிந்த சிவப்பு வெள்ளை மீசையை நனைத்துக் காக்கிச் சட்டைக்குள் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் நாக்கை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“பாருங்க அதிசயத்த, எங்க மாமாவையே சேர்ல உக்கார வெச்சுட்டாங்க!” என்று அன்றைக்கு யுவராஜ் சிரித்தான். “மேக்கப் சூப்பர்,” என்று சொன்னது மோனிஷாதான்.

கோவிந்தராஜ் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு போனைப் புவனேஸ்வரியிடம் நீட்டினார். “இதுல உங்களுக்கு என்ன வித்தியாசமாத் தெரியுது?”

அவள் ரத்தத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். “பூட்ஸோடவா உக்காந்திருக்கறாரு?”

“அதனால என்ன?”

“ஏனுங்க, முன்பக்கத்துச் செவப்புத் தரையில நாங்க யாரும் செருப்புக் காலோட ஏற முடியாதுங்க. பெரிய முதலாளி காலத்துல இருந்து அப்படி. படிக்குக் கீழயே கழட்டிரணும். சேர்ல உக்கார்றதெல்லாம் நெனைக்கவே முடியாது. உக்காருன்னு அவங்க சொல்லியிருந்தாக்கூட, மாமா பூட்ஸைக் கழட்டாம ஏறவே மாட்டாரு. முப்பத்தஞ்சு வருசப் பழக்கமுங்க.”

“அப்ப அவரு ஏறலை,” என்றார் கோவிந்தராஜ். “ஏத்தியிருக்காங்க. மோனிஷா, சின்னையன் சம்சாரத்துக்குப் போன் போடு. ஒரே ஒரு கேள்வி. மீசை.”

மோனிஷாவுக்குப் பொறி தட்டியது. போனில் பொன்னாயியின் குரல் ஆஸ்பத்திரி இரைச்சலுக்குள் தேய்ந்து கேட்டது.

“சனிக்கிழமை ராத்திரி மாமா மூஞ்சியைத் துடைச்சிருப்பீங்களேம்மா, மீசையில செவப்பு ஒட்டியிருந்துச்சா?”

“இல்லியே கண்ணு. ஈரத்துணி வெச்சதும் போயிருச்சு. பழையபடி வெள்ளை வெளேர்னு இருக்குது. ஏன் சாமி கேக்கற?”

“அப்புறம் சொல்றேன்மா,” என்று மோனிஷா போனை வைத்தாள்.

*

சாயங்காலம் பங்களா முகப்பில் எல்லாரும் கூடினார்கள். பனி தூண்களுக்கு நடுவே வந்து போய்க்கொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஜீவானந்தம் கோவிந்தராஜோடு பழைய கேஸ்களில் வேலை பார்த்தவர். அந்த மரியாதைக்காக வந்திருந்தார். விருந்தாளிகள் ஞாயிறே கிளம்பிவிட்டார்கள். பிரவீனும் சதீஷும் நாற்காலிகளில் இருந்தார்கள். புவனேஸ்வரி படிக்குக் கீழே, மழையில் நின்றாள்.

கோவிந்தராஜ் முதலில் ஷெட்டுக்குப் போனார். வெள்ளை ஜீப்பின் பின்புறம் முழுக்கச் சிவப்புக் கை அச்சுகள். ஒவ்வொன்றிலும் எறும்பு மொய்த்தது.

“இங்க பாருங்க அண்ணா,” என்று மோனிஷா குனிந்தாள். பம்பரின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. அது சிவப்பில்லை, காய்ந்த பழுப்பு. சுற்றிலும் ஓடிய எறும்பு ஒன்றுகூட அதைச் சீண்டவில்லை.

முகப்புக்குத் திரும்பியதும் கோவிந்தராஜ் குரலை உயர்த்தாமலே பேசினார். “சதீஷ், சின்னையன் மத்தியானமே மேக்கப் போட்டிருந்தார்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. எந்த ரத்தம்? இந்தம்மா காய்ச்சினதா?”

“ஆமாங்க சார். எல்லாரும் அதைத்தான் பூசுனாங்க.”

“உங்க கையைக் காட்டுங்க. பிரவீன், நீங்களும்.”

சதீஷின் நகக்கண்ணிலும் பிரவீனின் உள்ளங்கையிலும் இன்னும் சிவப்பு இருந்தது.

“இது தோல். ரெண்டு நாளாகியும் போகலை. மோனிஷா, முடின்னா எப்படி?”

“இன்னும் மோசம். நரைச்ச முடியில இந்தச் சாயம் ஏறினா ஒரு ஈரத்துணிக்கெல்லாம் இறங்காது. மூணு வருசம் கெமிஸ்ட்ரி படிச்சதுல இது ஒண்ணுதான் இன்னிக்கு உதவியிருக்கு.”

“ஆனா சின்னையன் மீசை ஒரே துடைப்புல வெள்ளையாயிருச்சு. அவர் மூஞ்சியில சாயமே படலை. அப்ப இந்தப் படத்துல வழியறது அவரோட சொந்த ரத்தம்.” போனை ஜீவானந்தத்திடம் கொடுத்தார். “மூணு அம்பத்திரண்டுக்கு என் கடைக்கு வந்த படம். அந்த நேரம் யுவராஜ் என் கடையில, கரண்ட் எப்ப வரும்னு கேட்டுட்டு உக்காந்திருந்தான். கேமரா பேட்டரியில ஓடுது, அதுல இருக்கு. ஆறு மணிக்கு அடி விழலை. மூணு மணிக்கே விழுந்துருச்சு. விசில் நின்ன நேரத்துல.”

ஜீவானந்தம் படத்தையும் பிரவீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஜீப்பைப் பின்னால எடுத்தது யாரு? சின்னையன் விசிலடிச்சது யாருக்கு? பாகுன்னா எறும்பு மொய்க்கும்; மொய்க்காத கறை பம்பர்ல ஒண்ணு இருக்கு, லேபுக்கு அனுப்புங்க. அதை மறைக்கத்தான் அத்தனை கை அச்சும். இந்த ஊட்டு வேலையாளுங்க யாராவது அவரைத் தூக்கியிருந்தா, அவசரத்துலகூடப் பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் இந்தத் தரைக்கு ஏத்தியிருப்பாங்க. பூட்ஸோட ஏத்தினவருக்கு இந்த ஊட்டுச் சட்டம் தெரியாது. சதீஷ், உங்களுக்குத் தெரியுமில்ல?”

சதீஷ் தலை குனிந்தான். “வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொன்னாங்க சார். நான் தூக்கலை. பிரவீன் சார்தான் எழுதிக் குடுன்னாரு, எழுதினேன்.”

எல்லார் பார்வையும் பிரவீன் மேல் போனது. தன் வீட்டு வாசலில் யார் செருப்பைக் கழற்றுகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று முப்பது வயதுவரை ஒரு தடவைகூட அவன் கவனித்ததில்லை. கவனிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு வரவே இல்லை.

“லேசாத்தான் இடிச்சுது,” என்றான் பிரவீன். “குடிச்சிருந்தேன். மழைன்னு தூக்கிட்டு வந்து சேர்ல சாய்ச்சேன். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சிடுவாருன்னு நெனச்சேன். தண்ணி எடுக்கப் போறதுக்குள்ள பிரெண்ட்ஸ் வெளிய வந்துட்டாங்க. ‘வாவ், என்ன மேக்கப்’னு அவங்களேதான் சொன்னாங்க. நான்… இல்லைன்னு சொல்லலை.”

“மூணு மணி நேரம்!” மோனிஷா கத்தினாள். “மூணு மணி நேரம் ஒரு மனுசன் ரத்தம் வடிய உக்காந்திருந்தாரு, நீ உள்ள உக்காந்து சட்டை தைச்சியா?”

கோவிந்தராஜ் அவள் தோளைத் தொட்டார். கத்தலில் பாதி தன்மேல்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பளபளப்புத் தாளில் போட்டுக் கொடுத்தது அவள்.

அப்போது புவனேஸ்வரியின் போன் அடித்தது. அவள் அதைக் காதில் வைத்தாள். சிவந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்முனையில் பொன்னாயி அழுவது முகப்புவரை கேட்டது.

ஜீவானந்தம் தொப்பியைக் கழற்றினார். “யுவராஜை விடச் சொல்லிடறேன். நீங்க மேல வாங்கம்மா, விசில் கேட்டதை எழுதிக்கணும்,” என்றார்.

புவனேஸ்வரி பழக்கத்தில் குனிந்து செருப்பு வாரில் கை வைத்தாள்.

“கழட்டாதீங்க,” என்றாள் மோனிஷா.

புவனேஸ்வரி அவளையும் தரையையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சேறு அப்பிய செருப்போடு ஒவ்வொரு படியாக ஏறினாள். மற்ற பிரம்பு நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. ஒன்றில்கூட அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

“மூணு மணி இருக்குமுங்க. பாகு பொங்குச்சு. விசில் நின்னுபோச்சு.”