சிவப்பு வெல்வெட்டுக்குக் கீழே...

போன் அலறியது!

அம்ஜத் இரண்டு கையிலும் கம் பசை அப்பிக்கொண்டு நின்றான். வலது கையில் பிரஷ். இடது கையில் ஒரு மிருதங்கப் பெட்டியின் மூடி.

"றம்லா... அந்தப் போன எடு புள்ள!"

மனைவி றம்லா போனை எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"அம்ஜத் நானா! நான் ஜெயந்தன்... இசைக்குழு மனேஜர். எங்கட கீபோர்ட்காரன் உதயரூபன் விழுந்திட்டான்!"

"எங்க விழுந்த?"

"உங்கட பெட்டிக்குள்ள!"

பிரஷ் நழுவியது. அம்ஜத்தின் பாதத்தில் விழுந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"நீங்க கழுவித் தந்த கீபோர்ட் பெட்டி நானா! அதத் திறந்து, முகத்த உள்ளுக்கு வச்சு மணந்து பாத்தான். அவ்வளவுதான்... வாயால நுரை! மூச்சு இழுக்கேலாம அப்பிடியே சாஞ்சிட்டான். நீங்க போட்ட குளோரின்தான் அடிச்சிருக்கு! ஆஸ்பத்திரில கிடக்கான். பொலிஸும் வந்திட்டு. உடன வாங்க!"

லைன் செத்தது.

அம்ஜத்துக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

வெள்ளம் வடிந்ததிலிருந்து மட்டக்களப்பு இசைக்குழுக்களின் பெட்டிகள் எல்லாம் ஏறாவூரில் அம்ஜத்தின் கடைக்குத்தான் வந்தன. கீபோர்ட் பெட்டி, கிற்றார் பெட்டி, மிருதங்கப் பெட்டி... நனைந்து, வீங்கி, பூஞ்சணம் பிடித்து, வாசல்வரை அடுக்கிக் கிடந்தன.

வருகிற எல்லாரிடமும் அம்ஜத் ஒரே பல்லவியைத்தான் பாடுவான்.

"பழைய துணிய உரிச்சு, கிணத்துக்குப் போடுற குளோரின் போட்டுக் கழுவி, வினாகிரி ஊத்தித் துடைச்சு, வெயில்ல காயவச்சு, புது வெல்வெட் ஒட்டித் தருவன்!"

கேட்க இனிமையாகத்தான் இருக்கும்.

ஒரேயொரு சிக்கல்...

அதில் வெல்வெட் மட்டும்தான் உண்மை!

உதயரூபனின் பெட்டி கரடியனாற்று வெள்ளத்தில் மிதந்த பெட்டி. கல்யாண சீசன் தலைக்கு மேல் நின்றது. அம்ஜத் பழைய துணியை உரிக்கவில்லை. சேற்றைச் சுரண்டவில்லை. பூஞ்சணத்தின் மேலேயே சிவப்பு வெல்வெட்டை ஒட்டி, காத்தான்குடி அத்தரில் சில சொட்டுத் தெளித்து மூடிவிட்டான்.

பாட்டுக்காரர்கள் பெட்டியை வாங்கும்போது செய்யும் சோதனை ஒன்றே ஒன்று. மூடியைத் திறப்பார்கள். மூக்கை உள்ளே விடுவார்கள். வாசம் பிடித்தால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். புத்தம்புது வெல்வெட்டைக் கிளப்பிப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

"இஞ்சேருங்க..." றம்லாவின் குரல் இறங்கியிருந்தது. "நீங்க குளோரின் போடல்லதானே?"

"போடல்ல."

"அந்த மனுசனுக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் இரிக்கிதானே?"

"இரிக்கி."

"அப்ப அவர அடிச்சது குளோரினில்ல. நீங்க மூடி வச்ச பூஞ்சணம்!"

அம்ஜத் பாதத்தில் ஒட்டிய பிரஷைப் பிய்த்தெடுத்தான்.

"வெள்ளத்தில நம்மட கம் டின்னயெல்லாம் தலையில சுமந்து கரை சேத்த மனுசன்! அவருக்கா இந்த வேல?"

"அல்லாஹ் காப்பாத்துவான் புள்ள..."

"அவரக் காப்பாத்தட்டும். உங்களப் பத்தி நான் ஒண்டும் கேக்கல்ல!"

ஸ்கூட்டர் டவுனை நோக்கிப் பறந்தது. வாவிக் காற்று முகத்தில் அறைந்தது. அது போதாது என்று தோன்றியது அம்ஜத்துக்கு. இன்னும் கொஞ்சம் பலமாக அறையலாம்.

குளோரின் போட்டேன் என்றால், மருந்து வைத்து ஆளைச் சாய்த்தவன். போடவில்லை என்றால், ஏமாற்றி ஆளைச் சாய்த்தவன்.

தப்பிக்க மூன்றாவது வாசல் இருக்கிறதா என்று வழி நெடுகத் தேடினான். ஆஸ்பத்திரி வாசல்தான் வந்தது!

உள்ளே, அவசர சிகிச்சைப் பிரிவுக் கதவின் முன்னால் உதயரூபனின் மனைவி கம்சாயினி நின்றாள். அதே இசைக்குழுவின் பாடகி. இப்போது அந்தத் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

"நானா... நான் குசினில சமைச்சுக்கொண்டு நிண்டன். ஜெயந்தன் அண்ணன் கத்தின சத்தத்திலதான் ஓடி வந்தன். என்ன நானா போட்டீங்க அந்தப் பெட்டிக்குள்ள?"

திட்டினாலும் தாங்கியிருப்பான். அவள் திட்டவில்லை!

"அம்ஜத் நானா நல்ல மனுசனெண்டு இவர் எப்பவும் சொல்லுவாரே..."

அம்ஜத் தன் செருப்பைப் பார்த்தான். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது போலிருந்தது.

கதவு திறந்தது. டொக்டர்!

"பெட்டி கழுவின ஆள் ஆர்?"

"நா... நான்தான்."

"என்ன போட்டீங்க? சரியாச் சொல்லுங்க. நீங்க சொல்றத வச்சுத்தான் உள்ளுக்கு வைத்தியம் நடக்கும்!"

அம்ஜத்தின் தோளில் ஒரு கை விழுந்தது. ஜெயந்தன். வெள்ளைச் சேர்ட், கலங்கிய கண்கள்.

"பயப்படாமச் சொல்லுங்க நானா. குளோரினும் வினாகிரியும்... எங்க எல்லாருக்கும் நீங்க சொன்னதுதானே?"

டொக்டர் அதிர்ந்தார்.

"ரெண்டையும் ஒண்டாவா? ஐயோ, அது விஷ வாயுவெல்லோ!"

அம்ஜத் திகைத்துப்போனான். இத்தனை நாள் வாடிக்கையாளர்களிடம் அவிழ்த்துவிட்ட புளுகு, ஆளைக் கொல்லக்கூடிய புளுகு! நல்ல காலம், சொன்னதைச் செய்கிற பழக்கம் அவனுக்கு இல்லை...

எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். கம்சாயினியும்.

"ஓ... ஓம் டொக்டர். குளோரின்தான்."

டொக்டர் உள்ளே பாய்ந்தார். கதவு மூடியது.

"கவலைப்படாதீங்க," ஜெயந்தன் காதருகே குனிந்தான். "நல்ல லோயரா நான் பிடிச்சுத் தாறன். தெரியாமச் செஞ்ச பிழைதானே? பெரிசா ஒண்டும் வராது."

எவ்வளவு நல்ல மனிதன்!

"ஐஸே, இஞ்ச வாரும்!"

இன்ஸ்பெக்டர் கனகசிங்கம். அவருக்குப் பக்கத்தில் உட்காரும் வாங்கின் மேல் பொலித்தீனால் சுற்றிய கீபோர்ட் பெட்டி.

"இது உம்மட கையால செஞ்ச பெட்டிதானே? பாத்துச் சொல்லும்."

பொலித்தீன் விலகியது. மூடி திறந்தது.

குப்பென்று அடித்தது நெடி!

அம்ஜத்தின் கண்கள் எரிந்தன. மூக்கு எரிந்தது. குளோரின்... அசல் குளோரின்! தெளித்த அத்தர் போன இடம் தெரியவில்லை. சிவப்பு வெல்வெட்டில் தேமல் விழுந்தது போல வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

நான் போடாத குளோரின் இதற்குள் எப்படி வந்தது?

அடுத்த நொடி அதைவிட மோசமான ஒன்று உறைத்தது. உள்ளே டொக்டர் வைத்தியம் செய்துகொண்டிருப்பது உதயரூபனுக்கு அல்ல...

அம்ஜத்தின் பொய்க்கு!

வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுகமாக முடியும். லோயர் ரெடி. தெரியாமல் நடந்த பிழை. 'அளவுக்கு மிஞ்சி சுத்தம் பார்த்த மனிதன்' என்று நாலு பேர் இரங்கவும் கூடும். வாயைத் திறந்தால் கடை போச்சு, பெயர் போச்சு, கம்சாயினியின் முகத்தை இனி ஏறெடுத்துப் பார்க்க முடியாது.

மூடியிருந்தால் போவது ஒன்றே ஒன்றுதான். கம் டின் சுமந்த ஒரு மனிதனின் உயிர்.

அம்ஜத் ஓடினான். கதவை இரண்டு கையாலும் இடித்தான்.

"டொக்டர்! டொக்டர்! நான் போடல்ல!"

கதவு திறந்தது.

"என்ன போடல்ல?"

"ஒண்டும் போடல்ல! குளோரினும் இல்ல, வினாகிரியும் இல்ல. அந்தப் பெட்டிய நான்... நான் கழுவவே இல்ல!"

ட்ரேயுடன் போன நேர்ஸ் அப்படியே நின்றாள்.

"நானா பயத்தில பிதட்டுறார் டொக்டர்," ஜெயந்தன் அவசரமாகக் குறுக்கே வந்தான். "நீங்க உள்ளுக்குப் போங்க. நான் கடையில பெட்டிய எடுக்கக்குள்ளயே குளோரின் மணம்தான் அடிச்சது!"

அம்ஜத் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க எடுக்கக்குள்ள அத்தர் மணம்தானே அடிச்சது? நல்ல வாசம் நானாண்டு சொல்லிட்டுத்தானே போன நீங்க?"

ஜெயந்தன் ஓரடி பின்னால் வைத்தான்.

அம்ஜத் பெட்டியிடம் பாய்ந்தான். வெல்வெட்டின் ஓரத்தில் நகத்தை விட்டான்.

சர்ர்ர்ர்!

சிவப்புத் துணி முழுசாக உரிந்து வந்தது. அதற்கடியில்... பழைய துணி. அதன் மேல் கரடியனாற்றுச் சேறு, காய்ந்து வெடித்து. பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம், சுகமாகக் குடும்பம் நடத்திக்கொண்டு!

கம்சாயினி வாயைப் பொத்தினாள்.

"கழுவின பெட்டிக்குள்ள சேறு இரிக்குமா சேர்?" அம்ஜத்தின் குரல் உடைந்தது. "குளோரின் மேல்துணியிலதான் பட்டிரிக்கி. நான் ஒட்டி முடிச்சாப் பிறகுதான் ஆரோ ஊத்தியிரிக்காங்க. நான் கள்ளன் சேர்! தங்கச்சி, நான் உங்கள ஏமாத்தின கள்ளன்! ஆனா அந்தக் குளோரின் என்டதில்ல!"

டொக்டர் அவனைக் கவனிக்கவில்லை. தனக்குத்தானே பேசினார்.

"கண்மணி ஊசிமுனையா சுருங்கிக் கிடக்கு... வேர்வை, வாய் நிறைய நுரை... குளோரின் மணம் மற்ற மணத்தை அமத்திப்போட்டுது!" திடீரென்று நிமிர்ந்தார். "இது வாயு இல்ல. வயித்துக்குள்ள போன நஞ்சு! வயல் வட்டைக்கு அடிக்கிற பூச்சி மருந்து! நேர்ஸ், மாற்று மருந்து... ஓடுங்க!"

கதவு அறைந்து மூடியது.

இன்ஸ்பெக்டர் கனகசிங்கம் மெதுவாகத் திரும்பினார்.

"புள்ள, அவர் கடைசியா என்ன குடிச்சவர்?"

"ஜிஞ்சர் பியர்... பெட்டியோட கொண்டு வந்து குடுத்தவர்..." கம்சாயினியின் பார்வை நகர்ந்தது. "ஜெயந்தன் அண்ணன்!"

ஜெயந்தன் அந்த நேரம் படிக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான்.

"மனேஜர், எங்க பயணம்?"

"ஒரு... ஒரு கோல் எடுக்க..."

"ஸ்டேஷன்ல போன் இருக்கு. சும்மாவே தருவம். வாரும்!"

கொன்ஸ்டபிள் பிடித்த பிடியில் ஜெயந்தனின் வெள்ளைச் சேர்ட் கசங்கியது. உண்மை எல்லாம் கொட்டியது. உதயரூபன் போட்ட மெட்டுகளைத் தன் பெயரில் வெளியிட்டிருந்தான். ஊருக்குச் சொல்லப்போகிறேன் என்று உதயரூபன் நின்றான். அதற்காக ஜிஞ்சர் பியரில் பூச்சி மருந்து. பழியைச் சுமக்க, குளோரின் ஊற்றிய அம்ஜத்தின் பெட்டி!

போகிற போக்கில் ஜெயந்தன் அம்ஜத்தைத் திரும்பிப் பார்த்தான். ஏமாந்த வாடிக்கையாளனின் ஆத்திரம்!

"கழுவுறனெண்டு சொன்னீங்களே நானா!"

அம்ஜத் வாங்கின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து தள்ளிப்போனார்கள். பின்நேர வெயில் சுவரில் ஏறி, மங்கி, மறையும்வரை அவன் அசையவில்லை.

டொக்டர் வெளியே வந்தார்.

"தப்பிட்டார்!"

கம்சாயினி அழுதாள். அழுது முடித்து நேரே அம்ஜத்திடம் வந்தாள். அவன் எழுந்து, அறை வாங்கத் தயாராகக் கன்னத்தைக் கொஞ்சம் திருப்பியே வைத்தான்.

"நீங்க உண்மையச் சொல்லாட்டி இவர் இல்ல நானா."

"அதுக்காக நான் நல்லவனாகிட ஏலா, தங்கச்சி."

"ஓம். ஆகமாட்டீங்க." அவள் குரல் திரும்பியிருந்தது. "கோர்ட்டால பெட்டி வந்தாப்போல திரும்பக் கழுவித் தரணும். நான் பக்கத்தில கதிரை போட்டு இருந்து பாப்பன்!"

அம்ஜத் தலையாட்டினான். கண் நிறைந்து வழிந்தது. இம்முறை குளோரின் இல்லை.

"என்ட கதை முடிஞ்சி சேர்," என்றான் இன்ஸ்பெக்டரிடம். "இனி மட்டக்களப்பில ஆரு என்ட வேலைய நம்புவாங்க?"

கனகசிங்கம் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"இதுக்கு முதல் மட்டும் ஆர் நம்பின? என்ட மகன்ட கிற்றார் பெட்டியும் உம்மட கடையிலதான் செஞ்சது. ஒரு கிழமையில வீடே நாறிச்சு!"

டொக்டரின் பதிலுக்காகக் காத்து நின்ற ஜீப் வாசலில் உறுமியது. கம்பிக்குப் பின்னால் தெரிந்த ஜெயந்தனின் முகத்தைக் காட்டி மீசையைத் தடவினார்.

"உம்மட வேலைய கண்ண மூடிக்கொண்டு நம்பினவன் இந்த மாவட்டத்திலயே ஒருத்தன்தான் ஐஸே... அவனையும் நான் உள்ளுக்குப் போட்டுட்டன்!"