கேட்காமல் குளிர்ந்த முட்டைகள்

விடிந்த கையோடு அந்தப் பொரிப்பகத்தில் சத்தம் கேட்டது. மாப்பிள்ளைதான் வாசலில் நின்று மாமியாரைக் கூப்பிட்டார்: "அத்தை, சீக்கிரம் வாங்க. முட்டையெல்லாம் போச்சு."

பொரிப்பகத்தின் முதலாளியம்மாவான அந்த மாமியார் செருப்புகூட மாட்டாமல் ஓடினாள். முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும், பீரோ உயரத்துக்கு நிற்கும் இன்குபேட்டர். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தட்டுத் தட்டாக முட்டைகள். இன்னும் சில நாட்களில் குஞ்சு பொரிக்க வேண்டியவை. கதவின் மேலிருந்த திரையில் வெப்பம் இருக்க வேண்டிய அளவைவிட வெகுவாக இறங்கிக் கிடந்தது. மெதுவாக ஏறத் தொடங்கியிருந்தது. ஆபத்து மணி அடிக்கவே இல்லை. திரையின் மூலையில் ஒரு வரி மட்டும் புதிது: நேற்றிரவு புதிய மென்பொருள் நிறுவப்பட்டது.

அந்த வரியைப் பார்த்ததும் முதலாளியம்மாவின் கண் நேராகத் தன் தம்பியிடம் போயிற்று.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. அந்த இயந்திரம் அவ்வப்போது பீப் பீப்பென்று கத்தும். "புதுசு வந்திருக்கு, இப்போதா, பிறகா?" என்று திரையில் கேட்கும். இப்போது என்றால் அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மறுபடி எழும். அதுவரை சூடு கிடையாது. அதனால் தம்பி ஒரு வழக்கம் வைத்திருந்தார். தட்டில் முட்டை இருக்கும்வரை "பிறகு". குஞ்சுகள் வெளியேறித் தட்டு காலியான அன்றைக்குத்தான் "இப்போது". எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் பிறகு, பிறகு என்று அழுத்துவார். மாப்பிள்ளை அவருக்கு வைத்த பெயரே "பிறகு மாமா".

இரவில் அங்கே இருந்தது அவர் ஒருவர்தான். பக்கத்து அறையில் பொரிந்த குஞ்சுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டிருந்தார். போன வாரம்தான் அவர் இந்த இயந்திரத்தை ஒருநாள் பிடுங்கிப் போடப்போவதாகச் சொல்லியிருந்தார். எல்லாம் தானாக நடந்தால் ராத்திரியில் ஆள் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டதற்கு அது பதில். அது இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

"நான் தொடலக்கா," என்றார் தம்பி.

"பின்ன பேய் வந்து அமுக்குச்சா? பையை எடுத்துட்டுக் கிளம்பு. கூடப் பிறந்தவன்னு இத்தனை வருஷம் வச்சிருந்தேன்."

அவர் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். முட்டைகள் கதி தெரிந்துகொண்டு போகிறேன் என்று மட்டும் சொன்னார்.

முதலாளியம்மா யாரையும் கதவைத் திறக்க விடவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த கோழி டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். டாக்டரம்மா மூச்சு வாங்க வந்ததும் முதலில் தன் தடுப்பூசி ஃபிரிட்ஜைத்தான் திட்டினாள். அதுவும் இதே கம்பெனிதான். முந்தாநாள் புதுப்பித்துக்கொண்டதாம். எழுந்ததும் பக்கம் பக்கமாக நிபந்தனை காட்டி, "சம்மதம்" அழுத்தினால்தான் ஆயிற்று என்று நின்றதாம். அதுவரை குளிரவும் இல்லை, எத்தனை டிகிரி என்று காட்டவும் இல்லையாம். "கோவிச்சுக்கிட்ட மருமக மாதிரி உக்காந்திருந்துச்சு," என்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவள் கதவைத் திறந்து ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தில் உடைத்து விரலை விட்டாள். ஓடு வெதுவெதுப்பு, உள்ளே சில்லென்று இருந்தது. விரலைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒவ்வொருவரையும் விசாரித்தாள்.

நேற்று மாலை மெக்கானிக் வந்து விசிறி மாற்றினார் என்று தெரிந்தது. ஆனால் அவர் போய் வெகுநேரம் கழித்து, படுக்கப் போகுமுன் முதலாளியம்மாவே திரையைப் பார்த்திருக்கிறாள். வெப்பம் சரியாக இருந்தது.

தம்பி சொன்னது ஒன்றே ஒன்று. நேற்றிரவு இயந்திரம் தன்னிடம் கேட்கவே இல்லை. சத்தமே வரவில்லை.

"கேக்காம எப்படிப் போடும்? அமைப்புல 'கேட்டுவிட்டுச் செய்'னுதான இருக்கு, பாருங்க," என்று மாப்பிள்ளை திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்தே காட்டினார். அப்படித்தான் இருந்தது.

முதலாளியம்மாவின் மகளிடம், அதாவது மாப்பிள்ளையின் மனைவியிடம், டாக்டரம்மா சும்மா பேச்சுக் கொடுத்தாள். பாவம், அவள் கண்ணெல்லாம் அழுது வீங்கியிருந்தது. இயந்திரம் கேட்கும் கேள்வி கணவர் கைப்பேசிக்கும் வருமாம். யாராவது பதில் சொல்லும்வரை விடாமல் கத்துமாம். நேற்று ஒருநாள்தான் அது கத்தவில்லை, அவர் நன்றாகத் தூங்கினார் என்றாள்.

கடைசியாக மாப்பிள்ளை.

"காலைல முதல்ல பாத்தது நீங்கதானே மாப்பிள்ளை?"

"ஆமா டாக்டர்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"கண்ணாடி வழியா பாத்தேன். திரைல டிகிரி ரொம்பக் கம்மியா இருந்துச்சு. உடனே அத்தையைக் கூப்பிட்டேன்."

"தொட்டீங்களா?"

"ஒரு விரல்கூட வைக்கல."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க கைப்பேசியக் கொஞ்சம் மேசைமேல வைங்க," என்றாள். மாப்பிள்ளை வைக்கவில்லை.

அவள் முதலாளியம்மாவிடம் திரும்பி நிதானமாகச் சொன்னாள். புதுப்பித்து எழுந்த இயந்திரம் டிகிரி காட்டாது. சம்மதத்துக்குக் காத்து நிற்கும். ராத்திரி முழுக்க அப்படித்தான் நின்றது. அதனால்தான் சூடும் இல்லை, மணியும் இல்லை. ஓடு மட்டும் வெதுவெதுப்பாக இருந்ததே, அப்படியானால் சூடு விடிந்த பிறகுதான் திரும்பியிருக்கிறது. யாரோ அப்போதுதான் சம்மதத்தை அழுத்தினார்கள். அந்த நேரத்தில் அதன் முன்னால் நின்றது மாப்பிள்ளை மட்டும்.

"பதறிப்போய் அமுக்கினேன்னு சொல்லியிருந்தா யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க," என்றாள். "தொடவே இல்லைன்னு ஏன் சொல்லணும்? கூடவே இன்னொண்ணையும் தொட்டதாலதான். இயந்திரம் மாமாகிட்டயும் கேக்கல, உங்க கைப்பேசிலயும் கத்தல. ரெண்டும் ஊமையாகணும்னா, 'கேக்காம நீயே போட்டுக்கோ'ன்னு யாரோ அதுக்குச் சொல்லியிருக்கணும். படுக்கைல இருந்தே அதைச் சொல்லக்கூடிய கைப்பேசி இந்த வீட்ல ஒண்ணுதான் இருக்கு. காலைல சத்தமில்லாம பழையபடி மாத்தி வச்சிட்டீங்க."

மாப்பிள்ளை கைப்பேசியை மேசைமேல் வைத்தார். "தூங்கணும்னுதான் செஞ்சேன். ரெண்டு நிமிஷத்துல அதுவே எழுந்துக்கும்னு நினைச்சேன். போடும்போது கேக்காத சனியன், போட்டு முடிச்சிட்டு சம்மதம் கேக்கும்னு எனக்கெப்படித் தெரியும்?"

"தூங்கினது தப்பில்ல. பையோட ஒருத்தர் வாசல்ல நிக்கறப்பவும் வாயைத் திறக்காம இருந்தீங்களே, அதுதான்."

மகள் கணவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பி இதில் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. டாக்டரம்மாவின் கைவிளக்கை வாங்கி ஒவ்வொரு முட்டைக்கும் அடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டு, இருட்டு, இருட்டு. ஐந்தாவது தட்டின் நடுவில் ஒரு முட்டைக்குள் சிவப்பாக ஏதோ துடித்தது. அதைத் தனியே வைத்தார். பக்கத்தில் இன்னொன்று. நடுத்தட்டுகளில் கொஞ்சம் தேறும் என்றாள் டாக்டரம்மா.

முதலாளியம்மா வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"உள்ள வாடா. அக்கா தெரியாம சொல்லிட்டேன். வந்து ஒரு வாய் சாப்பிடு."

அவர் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிறகுக்கா," என்றார்.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, முட்டைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.